கோபுரம் கட்டுமுன் கணக்கிடுவோம்



கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து, அதைக் கட்டி முடிக்கும் வசதி தமக்கு உண்டா எனக் கணக்குப் பார்க்க வேண்டும் என்றார் நம் ஆண்டவர் (காண். லூக்கா 14:28). சீடத்துவத்தின் விலையைப் பற்றி அவர் கூறிய உவமை இது. எனினும், அதிலுள்ள முன்மதி நம் ஆலயங்களுக்குக் கருவிகள் வாங்கும்போதும் தேவைப்படுகிறது.

திருச்சபை தொழில்நுட்பத்திற்கு எதிரி அல்ல. திருத்தந்தை 11ஆம் பயஸ் 1931ஆம் ஆண்டு, மார்க்கோனி அமைத்துத் தந்த வத்திக்கான் வானொலியைத் தொடங்கி வைத்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றித் தனி ஏட்டையே வெளியிட்டது. எனவே, 'வாங்கலாமா, கூடாதா' என்பதல்ல நம் கேள்வி. வாங்குமுன் நாம் கேட்க வேண்டியவை மூன்று.

1. இது யாருக்காக?

நம்பிக்கை கேட்பதனால் உண்டாகிறது என்கிறார் புனித பவுல் (காண். உரோ 10:17). நவீன ஒலிக்கருவிகளின் துணையோடு இறைமக்கள் எளிதாகக் கேட்கும்படி செய்யவேண்டும் என உரோமைத் திருப்பலிப் புத்தகத்தின் பொதுப் படிப்பினையும் (எண் 311) கூறுகிறது. ஆனால் பல ஆலயங்களில் நடப்பது என்ன? பீடத்தின் இருபுறமும் இரண்டு பெரிய ஒலிபெருக்கிகள். முன்வரிசையில் காது அடைக்கிறது. கடைசி வரிசைப் பாட்டிக்கோ மறையுரையில் ஒரு சொல்லும் விளங்குவதில்லை.

இதற்குக் காரணம் சத்தக் குறைவு அல்ல, எதிரொலி. உயர்ந்த கூரை, வெறும் சுவர், பளிங்குத் தரை ஆகியவை ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன. சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் கூடும். தூண்தோறும் சிறிய ஒலிபெருக்கிகளைப் பொருத்தி, மக்களை நோக்கித் திருப்பி, குறைந்த சத்தத்தில் வைப்பதே பெரும்பாலும் நல்லது. ஒலி ஒரு வினாடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. ஆகவே 34 மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவருக்கு முன்புற ஒலி பத்தில் ஒரு வினாடி தாமதமாக வந்து, அருகிலுள்ள ஒலிபெருக்கியின் ஒலியோடு மோதுகிறது. நீண்ட ஆலயங்களில் பின்புற ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்தும் அமைப்பும் வேண்டும். விலைப்பட்டியலைப் பார்க்குமுன், கடைசி இருக்கையில் அமர்ந்து ஒரு வாசகத்தைக் கேட்டுப் பாருங்கள். வாசகர்களுக்குப் பயிற்சி அளிப்பதற்குச் செலவே இல்லை!

2. இதை யார் பராமரிப்பது?

நன்கொடையாளர் ஒருவர் திரையும் புரொஜெக்டரும் வாங்கித் தரலாம். பழுதானால் செலவு யாருடையது? இயக்கத் தெரிந்தவர் ஒருவர் மட்டும்தானா? ஒவ்வொரு கருவிக்கும் குறைந்தது இருவரைப் பழக்குவதும், ஆண்டுப் பராமரிப்புக்கு நிதி ஒதுக்குவதும் அவசியம். இவற்றைப் பங்கின் நிதிக்குழு முன்கூட்டியே பேசி முடிவெடுக்க வேண்டும். சொத்துப் பட்டியலும் ஒழுங்கான கணக்கும் வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம் (எண்கள் 1283, 1284). காணிக்கைப் பெட்டியில் விழுவது ஏழைகளின் உழைப்பு என்பதை மறவாதிருப்போம்.

3. இது யார் பொறுப்பில்?

பங்கின் யூடியூப் பக்கம் ஓர் இளைஞரின் சொந்தக் கணக்கில் இருந்தால், அவர் வெளிநாடு சென்றதும் அதுவும் அவரோடு போய்விடும். கணக்குகள் பங்கின் பெயரில் இருக்கட்டும். கடவுச்சொல் பங்கு அலுவலகத்தில் பாதுகாப்பாக இருக்கட்டும். குடும்ப விவரங்கள், கைபேசி எண்கள், மறைக்கல்விப் பிள்ளைகளின் படங்கள் ஆகியவற்றை அனுமதியின்றிப் பகிரலாகாது. தனிநபர் தரவுகளைக் காக்க இந்தியா 2023ஆம் ஆண்டு சட்டமே இயற்றியுள்ளது.

2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றில் ஆலயக் கதவுகள் மூடப்பட்டபோது, நேரலைத் திருப்பலி நமக்கு ஆறுதலாய் இருந்தது. நோயாளிகளுக்கும் முதியோருக்கும் இன்றும் அது ஆறுதலே. ஆனால் இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை என்பதைத் திருப்பீடம் 2002ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தியது. திரையில் திருப்பலி கண்ட நோயாளியின் வீட்டுக்கு நற்கருணையோடு யாராவது செல்கிறோமா? கேமரா போய்ச் சேர்ந்த இடத்துக்கு நம் கால்களும் போக வேண்டும்.

நல்ல கருவி தன்னை மறைத்து, இறைவார்த்தையைக் கேட்கச் செய்யும். அடுத்த முறை பங்குப் பேரவை கூடும்போது, நாமும் முதலில் உட்கார்ந்து கணக்கிடுவோம். கடைசி வரிசையில் இருப்பவரை முதலில் கணக்கில் சேர்ப்போம்.