காட்டு வழியில் நாய் சொல் கேட்க வேண்டும்



விறகுக்கும் பாலைப்பழத்துக்கும் காட்டோரம் போகும் வன்னிப் பெண்கள் பலர் வீட்டு நாயையும் கூட்டிச் செல்கிறார்கள். ஆண் துணை இல்லாத வீடுகளில் அந்த நாய்தான் துணை. பாம்பையும் அந்நியரையும் முதலில் அறிவது அதுதான். ஆனால் முயலைக் கண்டதும் கூப்பிடக் கூப்பிட ஓடிவிடும் நாயால் ஆபத்தே அதிகம்.

என்ன ஆபத்து?

யானையைக் குரைத்துத் துரத்தும் நாய், யானை திரும்பியதும் வளர்த்தவரிடமே ஓடி வரும். பின்னாலேயே யானையும் வரும். குட்டியோடு நிற்கும் கரடியும் அப்படித்தான். காட்டுப்பன்றி தன் கொம்பால் நாயின் வயிற்றைக் கிழித்துவிடும்.

இவற்றை விடப் பெரியது மிதிவெடி. யுத்தம் 2009இல் முடிந்தும் வடக்கில் வெடி அகற்றும் வேலை இன்னும் முற்றாக முடியவில்லை. சிவப்பு எச்சரிக்கைப் பலகையைத் தாண்டி நாய் ஓடினால் ஒருபோதும் பின்னால் போகாதீர்கள். நின்ற இடத்தில் நின்றே கூப்பிடுங்கள். நாய் போன வழி பாதுகாப்பானது என்றும் எண்ண வேண்டாம். நாயின் பாரத்துக்கு வெடிக்காதது மனிதரின் பாரத்துக்கு வெடிக்கலாம்.

அடித்தால் திருந்துமா?

துரத்துவது நாயின் பிறவிக் குணம். முயல் பிடிபடாவிட்டாலும் அந்த ஓட்டமே அதற்கு இன்பம். திரும்பி வந்த நாயை அடித்தால், வந்ததற்காகவே அடி விழுந்தது என்று அது விளங்கிக்கொள்ளும். அடுத்த முறை கூப்பிட்டாலும் வராது.

பழக்கும் முறை

1. வளவுக்குள் தொடங்குங்கள். பெயர் சொல்லி, "இஞ்ச வா" என்று ஒரே சொல்லால் கூப்பிடுங்கள். வந்தவுடன் சிறு கருவாட்டுத் துண்டு கொடுத்துத் தடவிவிடுங்கள். காலை மாலை ஐந்து நிமிடம் போதும். பிள்ளைகளும் இதே சொல்லையே சொல்ல வேண்டும்.

2. அடுத்து, கயிற்றில் பிடித்தபடி கோழிகளைத் தூரத்தில் காட்டுங்கள். கோழியைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும் அந்தக் கணத்திலேயே தீன் கொடுங்கள். நாளுக்கு நாள் கிட்டப் போங்கள். இழுக்கத் தொடங்கினால் தூரம் போதவில்லை, பின்னுக்கு வாருங்கள்.

3. பிறகு பத்து மீற்றர் நீளக் கயிற்றோடு ஒழுங்கையிலும், வெடியில்லை என்று உறுதியான காட்டோரத்திலும் பழக்குங்கள். காது நிமிர்ந்து, வால் விறைத்து, உடல் அசையாமல் நின்றால் ஓடப்போகிறது என்று அர்த்தம். அப்போதே கூப்பிடுங்கள். ஓடிய பின் கூப்பிடுவது கடினம்.

4. பல வாரம் தவறாமல் வந்த பின்னரும் காட்டுக்குள் கயிற்றை விடாதீர்கள். எவ்வளவு பழக்கியும் அடங்காத நாய்களும் உண்டு. அவை வீட்டுக் காவலுக்கு நிற்கட்டும்.

மறக்கக் கூடாதவை

காட்டு விலங்கு கடித்தால் நாய்க்கு விசர்நோய் தொற்றலாம். வருடந்தோறும் தடுப்பூசி போடுங்கள். நாய் உங்களைக் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். மான், மரையை நாயை விட்டுப் பிடிப்பது 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நல்ல நாய் ஒரு நாளில் உருவாவதில்லை. பொறுமையும் ஒரு பிடி கருவாடும் இருந்தால், விறகுக் கட்டோடு நீங்கள் வீடு திரும்பும்போது அது உங்கள் காலடியிலேயே வரும்.