குரலும் மொழியும்: தென்னிந்திய யூதர் எழுத்துச் சான்றுகள் காட்டும் சமூக வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

புலம்பெயர் இலக்கியம் என்பது இழந்த தாயகத்தைப் பற்றிய ஏக்கமாகவே பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. தென்னிந்திய யூதர் தொடர்பான செப்பேடு, மடல், பெண்கள் பாடல் ஆகிய மூவகைச் சான்றுகளை, பேசுவது எவர் குரல், பேசும் மொழி எவருடையது என்னும் இரு வினாக்களின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: யூதர், புலம்பெயர்வு, அஞ்சுவண்ணம், மடல், பெண்கள் பாடல், பவளக்காரத் தெரு.

முன்னுரை

சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில் கைலாசநாதர் கோயிலும் தமீம் அன்சாரி தர்காவும் கத்தோலிக்க ஆலயமும் உள்ளன. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஓஸ்டெண்டு கும்பினி இவ்வூரில் வாணிகம் நடத்தியது. கடல்வழி வந்தோரின் நினைவு இக்கரையில் இவ்வாறு வழிபாட்டிடமாகவும் ஊர் வரலாறாகவும் நிலைத்துள்ளது. ஆயின் இதே கரையில், சென்னையில் வாழ்ந்த யூத வணிகரின் நினைவு ஒரு தெருப்பெயரிலும் சில கல்லறைக் கற்களிலும் ஒடுங்கிவிட்டது. மேற்குக் கரை யூதர்க்கோ செப்பேடும் உண்டு. தலைமுறைகள் பாடிய பாடலும் உண்டு. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிவது புலம்பெயர் இலக்கிய ஆய்வுக்குப் பயன்தரும்.

யூதர்க்கும் தமிழர்க்குமான தொடர்பைப் பேசுவோர், மயிலைக் குறிக்கும் 'துக்கி' என்னும் எபிரேயச் சொல்லைத் தமிழ்த் 'தோகை'யுடன் கால்டுவெல் 1856இல் ஒப்பிட்டதை எடுத்துக்காட்டுவர். அவ்வொப்பீட்டை ஏற்பினும், அது பண்டமும் பெயரும் கடல் கடந்ததையே காட்டும். மக்கள் வந்து வாழ்ந்த வாழ்வைக் காட்டாது. வாழ்வைக் காட்டுவன ஆவணங்களும் பாடல்களுமே.

செப்பேடு: மண்ணின் மொழி, அரசின் குரல்

கி.பி. 849ஆம் ஆண்டுக் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு, கிறித்தவப் பள்ளி ஒன்றுக்கு வேணாட்டு அய்யனடிகள் அளித்த கொடையைக் கூறுகிறது. அதில் அரபு, பகலவி எழுத்துகளோடு எபிரேய எழுத்தில் அமைந்த பாரசீக மொழிக் கையொப்பங்களும் சான்றாக இடம்பெற்றுள்ளன. ஒரு சமயத்தார் பெற்ற கொடைக்குப் பிற சமயத்தார் சான்று நின்ற துறைமுகச் சமூகத்தை இது காட்டுகிறது.

ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவி, இசுப்பு இரப்பானுக்கு அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு உரிமைகளும் அளித்தான். பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை முதலியன அவற்றுள் அடங்கும். இவை உள்நாட்டு உயர்நிலையின் அடையாளங்கள். அயலவர்க்குத் தனிமதிப்பு ஒன்றை உருவாக்காமல், இருக்கும் படிநிலைக்குள்ளேயே அவர்க்கு இடமளித்தது அரசு. யூதர் மரபு இவ்வேட்டைக் கி.பி. 4ஆம் நூற்றாண்டினதாகக் கருதி வந்தது. எழுத்தமைதி காட்டும் காலத்துக்கும் மரபு நம்பும் காலத்துக்கும் உள்ள இடைவெளி, தம் வேரைத் தொன்மையாக்க விழையும் குடியேறிகளின் மனநிலைக்குச் சான்று.

'அஞ்சுவண்ணம்' என்பதை யூதர் என்றே பொருள்கொள்ளுதலும் தவறு. பாரசீக 'அஞ்சுமன்' என்பதோடு தொடர்புடைய இவ்வணிகக் குழுப்பெயர், 1269ஆம் ஆண்டுத் தீத்தாண்டதானபுரக் கல்வெட்டிலும் வருகிறது. தமிழகக் கரையில் அது முசுலிம் வணிகரைச் சுட்டியதென்பது ஆய்வாளர் கருத்து. குழுப்பெயர் நிலைக்க, உள்ளடங்கும் மக்கள் மாறினர்.

மடல்: தம் குரல், வேற்று மொழி

கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக்கூடத்தில் கிடைத்த ஆவணத் தொகுதியில், இந்தியப் பெருங்கடல் வணிகர்தம் மடல்கள் பல உள்ளன. அவை எபிரேய எழுத்தில் எழுதிய அரபு. துனீசியாவிலிருந்து வந்த ஆபிரகாம் பென் இஜூ 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். இங்கிருந்து மிளகும் பாக்கும் இரும்பும் ஏடனுக்குச் சென்றன. அங்கிருந்து காகிதமும் சர்க்கரையும் வந்தன. 'பட்டணசாமி' என்னும் கப்பலுடைமையாளர் பெயரும் இவ்வகை மடல்களில் காணப்படுகிறது. மொழியும் சமயமும் வேறுபட்டோரிடையே நற்பெயரே பிணையாக நின்றதை அவை உணர்த்துகின்றன.

1132 அக்டோபரில் பென் இஜூ, அஷு என்னும் அடிமைப் பெண்ணை விடுவித்த ஆவணமும் கிடைத்துள்ளது. அவளையே அவர் மணந்தார் என ஆய்வாளர் கருதுவர். அவளைப் பற்றிய ஏடு உண்டு; அவள் சொல் ஒன்றும் அதில் இல்லை. வணிகரின் குரல் தெளிவாகக் கேட்கும் இம்மடல்களில், அவர் வாழ்ந்த மண்ணின் குரல் அடங்கியே கிடக்கிறது.

பாடல்: தம் குரல், மண்ணின் மொழி

குரலும் மொழியும் ஒன்றுசேர்வது கொச்சி யூதப் பெண்களின் மலையாளப் பாடல்களில்தான். விவிலியக் கதை, திருமண நிகழ்வு, தொழுகைக்கூடப் பெருமை ஆகியவற்றைப் பாடும் இப்பாடல்களைப் பெண்கள் கையேடுகளில் எழுதிக் காத்தனர். கிளி முதலிய உள்நாட்டுக் கவிதை மரபுகள் எபிரேய மாந்தரோடு இவற்றில் இயல்பாகக் கலந்துள்ளன. 1950களில் இச்சமூகத்தாருள் பெரும்பாலோர் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தனர். முன்னோர் வேண்டிய தாயகத்தை அடைந்தபின், மலையாளப் பாடலே அவர்தம் ஏக்கத்தின் மொழியாயிற்று. வந்த மண் விட்டுவந்த மண்ணாயிற்று. இப்பாடல்களின் தொகுப்பு 2005இல் எருசலேமில் வெளிவந்தது.

சென்னை: கல்லும் தெருவும்

17, 18ஆம் நூற்றாண்டுகளில் இலண்டன், லிவோர்னோ நகரங்களின் யூத வணிகர் நடுநிலக்கடற் பவளத்தைச் சென்னைக்கு அனுப்பிக் கோல்கொண்டா வைரத்தைப் பெற்றனர். 1687இல் மறைந்த ஜாக் தெ பைவா சென்னையில் வாழ்ந்த இத்தகைய வணிகருள் ஒருவர். இவர்தம் மணவுறவும் சமய அமைப்பும் ஐரோப்பிய நகரங்களோடு பிணைந்திருந்தன. வாணிகம் குன்றியதும் சமூகமும் கரைந்தது. பவளக்காரத் தெருவின் பெயர் நின்றது. அத்தெருவில் தமிழில் பாடியிருக்கக்கூடிய ஒரு தலைமுறை உருவாகவில்லை. கொச்சிக்கும் சென்னைக்கும் உள்ள வேறுபாடு செல்வத்தில் இல்லை. குடும்பம் வேரூன்றி, வீட்டுமொழி மண்ணின் மொழியானதில் உள்ளது.

முடிவுரை

செப்பேடு உரிமையையும் மடல் நம்பிக்கையையும் பாடல் உறவையும் பதிவு செய்கின்றன. ஒன்றைக்கொண்டு மற்றதை நிரப்ப இயலாது. தமிழர் புலம்பெயர்வை ஆராய்வோர்க்கும் இது பொருந்தும். இலங்கை மலையகத்திலும் மலேசியத் தோட்டங்களிலும் தென்னாப்பிரிக்காவிலும் குடியேறிய தமிழரைப் பற்றிப் பதிவேடுகள் அரசின் குரலில் பேசுகின்றன. அச்சேறிய படைப்புகள் கற்றோர் குரலில் பேசுகின்றன. தாலாட்டும் ஒப்பாரியும் முதிய பெண்களின் நினைவில் நிற்கின்றன. கொச்சிப் பாடல்கள் கையேடுகளில் எழுதப்பட்டதனால் கடல் கடந்தும் பிழைத்தன. எழுதப்படாத பாடல் பாடுவோருடன் மறையும். ஆதலின் அவற்றைத் தொகுத்தலே நம் துறையின் உடனடிக் கடமையாகும்.