மூன்று கிராம் விருந்தாளி

ஒரு தேக்கரண்டிச் சீனியை உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். அதைவிடவும் பாரம் குறைந்த ஒரு பறவை, 800 கிலோ மீற்றர் கடலை எங்கும் இறங்காமல் கடக்கிறது என்றால் நம்புவீர்களா? வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஆண்டுதோறும் இது நடக்கிறது.

அதன் பெயர் ஹம்மிங் பறவை. சிறகடிக்கும்போது வண்டின் ரீங்காரம் போல ஓசை எழுவதால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். நம் வீட்டுச் செவ்வரத்தைக்கு வரும் தேன்சிட்டும் இதுவும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது. தோற்றத்தில் ஒற்றுமை உண்டு. ஆனால் இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. ஹம்மிங் பறவைகளில் 300க்கும் மேற்பட்ட இனங்கள் இருந்தாலும் அவை அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன. தேன்சிட்டு பெரும்பாலும் கிளையில் அமர்ந்தே தேன் குடிக்கும். ஹம்மிங் பறவையோ அந்தரத்தில் நின்றபடி குடிக்கும். பின்பக்கமாகவும் பறக்கும்.

தாயின் உழைப்பு

கனடாவின் ரொறொன்ரோ முதல் அமெரிக்காவின் தென்கரை வரை, கிழக்குப் பகுதியில் கூடு கட்டும் ஒரே இனம் செங்கழுத்து ஹம்மிங் பறவை. எடை ஏறத்தாழ 3 கிராம். நொடிக்குச் சுமார் 50 தடவை சிறகடிக்கிறது. கூடு கட்டுவது, அடைகாப்பது, குஞ்சுகளுக்கு ஊட்டுவது எல்லாம் தாயின் வேலை. ஆண் பறவை எதிலும் கைகொடுப்பதில்லை. மென்மையான தாவரப் பஞ்சைச் சிலந்தி நூலால் பிணைத்து, அவள் கட்டும் சின்னஞ்சிறு கிண்ணத்தில் வழக்கமாக இரண்டே முட்டைகள். குஞ்சு வளரத் தேன் மட்டும் போதாது என்பதால் சிறு பூச்சிகளையும் சிலந்திகளையும் தேடிப் பிடித்து ஊட்டுகிறாள்.

ஓகஸ்ட் மாதமளவில் ஆண் பறவைகள் முதலில் தெற்கே புறப்பட்டு விடுகின்றன. பின்னர் பெண் பறவைகள். பெரும்பாலும் கடைசியில் கிளம்புபவை அந்த ஆண்டு பிறந்த இளம் பறவைகள். வழிகாட்டத் தாயுமில்லை, தந்தையுமில்லை. ஒவ்வொன்றும் தனித்தே மத்திய அமெரிக்காவை நோக்கிப் பறக்கிறது. பல பறவைகள் மெக்சிகோ வளைகுடாவின் மேலாகவே செல்கின்றன. அதற்கு முன் வயிறாரத் தின்று, உடலில் கொழுப்பைச் சேர்த்து, தம் எடையை ஏறத்தாழ இரு மடங்காக்கிக் கொள்கின்றன. அந்தக் கொழுப்புத்தான் கடல் வழிக்குக் கட்டுச்சோறு.

முற்றத்தில் ஒரு போத்தல்

இந்த நாட்களில்தான் அங்குள்ள வீட்டார் முற்றத்தில் சீனித் தண்ணீர்ப் போத்தலைத் தொங்கவிட்டு வேடிக்கை பார்க்கின்றனர். டெக்சாஸ் மாநிலக் கரையோர ஊரான ரொக்போட்டில் செப்டெம்பர் மாதத்தில் இதற்கென விழாவே நடக்கிறது. கடலைக் கடக்குமுன் அங்கே பறவைகள் கூட்டம் கூட்டமாய்த் தங்கிச் செல்வதே காரணம்.

ஆனால் சகோதரிகளே, விருந்து வைப்பது வேறு, முறையாக வைப்பது வேறு. வெள்ளைச் சீனி ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. இதுவே கணக்கு. பூக்களின் தேனில் உள்ள இனிப்பும் ஏறக்குறைய இந்த அளவுதான். 'தேன்தானே நல்லது' என்று தேனைக் கரைத்து வைத்தால், அது விரைவில் புளித்துப் பூஞ்சணம் பிடித்துப் பறவைக்கு நோயைத் தரும். பழுப்புச் சீனியும் ஆகாது. சிவப்புச் சாயம் கலக்கத் தேவையே இல்லை. போத்தலின் வாய் சிவப்பாக இருந்தாலே பறவை கண்டுகொள்ளும்.

வெயில் காலத்தில் இரண்டு நாளைக்கு ஒரு தடவையாவது பழையதை ஊற்றிவிட்டு, போத்தலைச் சுடுநீரில் தேய்த்துக் கழுவி, புதிதாக நிரப்ப வேண்டும். கலங்கிய தண்ணீரை விட வெறும் கொக்கியே மேல். கழுவச் சோம்பற்படுபவர் போத்தலைத் தொங்கவிடாமல் இருப்பதே அந்தப் பறவைக்குச் செய்யும் உபகாரம்.

இன்னொன்று. உருவம் சிறிதானாலும் இதன் கோபம் பெரிது. ஒரு பறவை போத்தலைத் தன் சொத்தாக்கிக் கொண்டு மற்றவற்றைத் துரத்தி அடிக்கும். ஒன்றுக்கொன்று தெரியாத மூலைகளில் இரண்டு மூன்று போத்தல்களை வைத்தால் எளியவற்றுக்கும் பங்கு கிடைக்கும். பூனை பதுங்கும் இடத்திலும், பறவை மோதக்கூடிய பெரிய கண்ணாடி யன்னலுக்கு எதிரிலும் வைக்கக் கூடாது.

போகிறவரைத் தடுப்பதில்லை

'சீனித் தண்ணீருக்குப் பழகிவிட்டால் பறவை பயணத்தை மறந்து குளிரில் மாண்டுவிடாதா?' என்று சிலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் வீண். பகல் குறுகத் தொடங்கியதும் அதன் உடலே 'புறப்படு' என்று சொல்லிவிடும். எந்தப் போத்தலாலும் அதை நிறுத்தி வைக்க முடியாது. ஆகவே கடைசிப் பறவை போன பிறகும் இரண்டு வாரம் வரை போத்தலை அகற்ற வேண்டாம் என்பர் அறிந்தோர். வடக்கிலிருந்து பிந்தி வரும் ஓர் இளம் பறவை பசியோடு வந்து இறங்கலாம்.

வளர்த்து வைத்துக் கொள்ளவோ கூண்டில் அடைக்கவோ அல்ல, வழியனுப்பவே கொடுக்கப்படும் உணவு இது. வருபவரின் பசியறிந்து, அளவறிந்து, சுத்தமாகக் கொடுத்து, போகும்போது தடுக்காமல் விடுவதே நல்ல விருந்து. மூன்று கிராம் விருந்தாளிக்கும் அதில் குறை வைக்கலாகாது.