அலியா, டைசனா, மார்சியானோவா? மோதாத ஜாம்பவான்களை மோதவிட்ட கம்ப்யூட்டர்... கிடைத்ததோ இரண்டு தீர்ப்பு!

சச்சினா, கோலியா? எந்த டீக்கடையில் இந்தக் கேள்வியைப் போட்டாலும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். குத்துச்சண்டை ரசிகர்களிடமும் இப்படி ஒரு தீராத வழக்கு உண்டு. 1960-களின் முகமது அலியும் 1980-களின் மைக் டைசனும் ஒரே ரிங்கில் ஏறியிருந்தால், யார் ஜெயித்திருப்பார்?

கிரிக்கெட்டிலாவது சராசரி, சதம் என்று எடுத்துவைக்க எண்கள் இருக்கின்றன. குத்துச்சண்டையில் கடைசியில் ஒருவர் கைதான் உயரும். அதனால்தான் எடைக்கட்டுப்பாடே இல்லாத ஹெவிவெயிட் பிரிவில் இந்த விவாதம் தலைமுறை தலைமுறையாகச் சூடு குறையாமல் நடக்கிறது. ஒருமுறை இதற்குத் தீர்ப்பு சொல்ல கம்ப்யூட்டரையே அழைத்தார்கள். அந்தக் கதையே ஒரு சினிமாதான்!

கோர்ட்டுக்குப் போன கற்பனைச் சண்டை

1967-ம் ஆண்டு. அமெரிக்காவின் மயாமியைச் சேர்ந்த ரேடியோ தயாரிப்பாளர் முர்ரே வொரோனருக்கு ஒரு யோசனை வந்தது. வெவ்வேறு காலங்களில் வாழ்ந்த 16 ஹெவிவெயிட் வீரர்களை எடுத்துக்கொண்டு, அவர்களின் வேகம், பலம், தாங்கும் சக்தி பற்றி நிபுணர்கள் தந்த மதிப்பீடுகளைக் கம்ப்யூட்டருக்குள் செலுத்தினார். அது சொன்ன முடிவை வைத்து, நேரடி வர்ணனை போலவே ரேடியோவில் சண்டைகள் ஒலிபரப்பாகின. இறுதிச் சுற்றில் 1920-களின் நாயகன் ஜாக் டெம்ப்ஸியை, 1950-களின் ராக்கி மார்சியானோ வீழ்த்தி 'எக்காலத்துக்குமான சாம்பியன்' ஆனார்.

அலி? காலிறுதியிலேயே, 1900-களின் சாம்பியன் ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றதாகச் சொல்லிவிட்டது கம்ப்யூட்டர்.

மற்றவர்களுக்கு இது பொழுதுபோக்கு. அலிக்கு அப்படி இல்லை. வியட்நாம் போருக்காக ராணுவத்தில் சேர மாட்டேன் என்று அதே 1967 ஏப்ரல் 28-ல் மறுத்தவர் அவர். உடனே லைசென்ஸ் போனது, பட்டம் பறிக்கப்பட்டது. ஜூன் மாதம் 5 ஆண்டு சிறைத் தண்டனையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. அப்பீல் செய்து வெளியில் இருந்தாலும், ரிங்கில் ஏற வழியில்லை. நிஜத்தில் ஒரு தோல்விகூடக் காணாதவரை, சண்டை போடவே தடை இருந்த நேரத்தில், ஒரு மெஷின் தோற்கடித்துவிட்டது. பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்று 10 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார் அலி.

அந்த வழக்கு ஒரு சமரசத்தில் முடிந்தது. அந்தச் சமரசத்தில் பிறந்ததுதான் அடுத்த அதிரடி. தோல்வியே காணாமல் ஓய்வுபெற்ற மார்சியானோவும், தோல்வியே காணாத அலியும் கேமரா முன் மோதுவது. முடிவை மட்டும் கம்ப்யூட்டர் சொல்வது! அலிக்குச் சம்பளம் சுமார் 10,000 டாலர்.

விக் வைத்த சாம்பியன்

1969-ல் மயாமி ஸ்டுடியோவில் படப்பிடிப்பு. அலிக்கு 27 வயது. மார்சியானோவுக்கு 45. ஓய்வுபெற்று 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. படத்துக்காக 20 கிலோவுக்கும் மேல் எடை குறைத்து, தலையில் விக் வைத்துக்கொண்டு வந்து நின்றார். ஒருமுறை அலி நீட்டிய இடது கைக் குத்தில் அந்த விக் கழன்று விழுந்த கதை இன்றும் ரசிகர்களிடையே பிரபலம்.

ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் என சுமார் 70 ரவுண்டுகள் படமாக்கப்பட்டன. அலி ஜெயிப்பதுபோல ஒன்று, மார்சியானோ ஜெயிப்பதுபோல ஒன்று எனப் பல கிளைமாக்ஸ்கள். எது திரைக்கு வரும் என்பது இருவருக்குமே தெரியாது. நாள் முழுக்கப் பொய்ச்சண்டை போட்டவர்கள், படப்பிடிப்பு முடிவதற்குள் நண்பர்களாகியிருந்தார்கள்.

ஆனால், மார்சியானோ அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. 1969 ஆகஸ்ட் 31-ல் நடந்த விமான விபத்தில் அவர் இறந்துபோனார். மறுநாள் அவருக்கு 46-வது பிறந்தநாள்.

ஊருக்கு ஒரு கிளைமாக்ஸ்!

1970 ஜனவரி 20. தியேட்டர்களில் படம் வெளியானது. அமெரிக்க ரசிகர்கள் பார்த்தது, 13-வது ரவுண்டில் மார்சியானோ அலியை நாக் அவுட் செய்யும் காட்சி. ஐரோப்பாவில் காட்டப்பட்டதோ வேறு. அங்கே மார்சியானோவின் முகம் கிழிந்து ரத்தம் வழிய, சண்டை நிறுத்தப்பட்டு அலி வெற்றி!

போருக்குப் போக மறுத்தவர்மீது கோபம் கொதித்துக்கொண்டிருந்த நாட்டில் அலி விழுந்தார். அவரைக் கொண்டாடிய கண்டத்தில் ஜெயித்தார். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டதோ இல்லையோ, பார்ப்பவர்கள் விரும்பிய முடிவு அவரவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று நடக்கும் விவாதங்களிலும் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. நமக்குப் பிடித்தவரின் மிகச் சிறந்த நாளை எடுத்து, பிடிக்காதவரின் சுமாரான நாளோடு மோதவிடுகிறோம்.

அப்படியென்றால் இந்த விவாதத்துக்கு அர்த்தமே இல்லையா? இருக்கிறது. ஆனால், சில விஷயங்களை முதலில் பேசி முடிக்க வேண்டும்.

12 ரவுண்டா, 15 ரவுண்டா?

முதல் விஷயம், யார் காலத்து விதி? இன்று உலகப் பட்டப் போட்டிகள் 12 ரவுண்டு. முன்பு 15. 1982-ல் தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ ஒரு பட்டப் போட்டியில் வாங்கிய அடியால் உயிரிழந்தார். அதற்குப் பிறகுதான் 15 என்பது படிப்படியாக 12 ஆனது.

மூன்று ரவுண்டில் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடும் என்கிறீர்களா? 1952 செப்டம்பர் 23, ஃபிலடெல்ஃபியா. மார்சியானோ முதன்முறையாக உலகப் பட்டத்துக்கு மோதுகிறார். 12 ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் புள்ளிகளிலும் சாம்பியன் ஜெர்ஸி ஜோ வால்காட்தான் முன்னிலை. 13-வது ரவுண்டில் மார்சியானோவின் வலது கை ஒரே ஒரு முறை இறங்கியது. வால்காட் எழவில்லை. இன்றைய விதி அன்று இருந்திருந்தால் மார்சியானோ தோற்றிருப்பார். 49 போட்டி, 49 வெற்றி என்ற புகழ்பெற்ற கணக்கே இருந்திருக்காது!

இன்னும் பின்னால் போனால், 1910-ல் ஜாக் ஜான்சனும் ஜெஃப்ரீஸும் மோதிய போட்டிக்கு நிர்ணயிக்கப்பட்டது 45 ரவுண்டு. அந்தப் பொறுமைக்குப் பழகிய உடம்பும், 12 ரவுண்டுக்குள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கப் பழகிய உடம்பும் ஒன்றல்ல.

உடம்பு பெரிதாக இருந்தால் போதுமா?

இரண்டாவது விஷயம், உருவம். மார்சியானோவின் எடை ஏறக்குறைய 85 கிலோ. டெம்ப்ஸியும் அப்படித்தான். இன்றைக்கு இருந்தால் இருவரும் சுமார் 90 கிலோ வரையிலான க்ரூஸர்வெயிட் பிரிவில்தான் ஆடியிருப்பார்கள். இந்தக் காலத்து டைசன் ஃபியூரியோ 6 அடி 9 அங்குலம்!

ஆனால், உருவம் மட்டுமே ஜெயிப்பதில்லை. 1919-ல் 85 கிலோ டெம்ப்ஸி, 6 அடி 6 அங்குலமும் 111 கிலோவும் இருந்த ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை கீழே தள்ளினார். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இன்று எதிராளி விழுந்தால், அடித்தவர் வேறு மூலைக்குப் போய் நிற்க வேண்டும். அன்று அந்தக் கட்டாயம் இல்லை. வில்லார்ட் எழும்போதெல்லாம் டெம்ப்ஸி பக்கத்திலேயே காத்துக்கொண்டு நின்றார்.

இன்றைய விதியில் இதற்கு உதாரணம் வேண்டுமா? 2024 மே மாதம் ரியாத்தில், சுமார் 101 கிலோ எடையில் வந்த உக்ரைனின் உசிக், 119 கிலோ ஃபியூரியைப் புள்ளிகளில் வென்றார். டிசம்பரில் நடந்த மறுபோட்டியிலும் வென்றார். உசிக்கின் உயரம் 6 அடி 3 அங்குலம். அலியின் உயரமும் அதேதான்.

கல், பேப்பர், கத்தரி!

மூன்றாவது விஷயம்தான் முக்கியமானது. அவரை ஜெயித்தவரை இவர் ஜெயித்தார், அதனால் இவரே பெரியவர் என்ற கணக்கு குத்துச்சண்டையில் செல்லாது.

1971-ல் ஜோ ஃப்ரேஸியர் அலியைத் தோற்கடித்தார். 1973-ல் அதே ஃப்ரேஸியரை ஜார்ஜ் ஃபோர்மேன் இரண்டே ரவுண்டில் ஆறு முறை விழவைத்தார். அப்படியானால் ஃபோர்மேன் அலியை நொறுக்கியிருக்க வேண்டும் அல்லவா? 1974 அக்டோபர் 30, கின்ஷாசாவில் எட்டாவது ரவுண்டில் விழுந்தது ஃபோர்மேன்! கல், பேப்பர், கத்தரி விளையாட்டு மாதிரி, ஒருவரின் பாணி இன்னொருவரின் பாணிக்கு மருந்தாகவோ விஷமாகவோ அமையும்.

சரி, அலியா... டைசனா?

இந்த வெளிச்சத்தில் பார்த்தால், டைசன் ரசிகர்களிடம் வலுவான வாதம் இருக்கிறது. அலி கைகளைத் தாழ்த்தியே ஆடுவார். வளைந்து வரும் இடது கை ஹூக் அவருக்கு எப்போதும் ஆபத்து. 1963-ல் ஹென்றி கூப்பரும், 1971-ல் ஃப்ரேஸியரும் அதே குத்தில்தான் அவரை விழவைத்தார்கள். டைசனின் பெரிய ஆயுதமும் அதுவே. 20 வயதில் உலக சாம்பியன் ஆனவர், 1988-ல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடிகளில் முடித்தவர்.

அலி ரசிகர்களின் பதில்: அலி அந்த இரண்டு முறையும் எழுந்தார். டைசனுக்கு ஆகாதவர்கள், நீளமான கையால் ஜாப் குத்துகளை விட்டுத் தூரத்திலேயே நிறுத்துபவர்கள். 1990-ல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் அதைத்தான் செய்தார். 1966-ல் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை மூன்றே ரவுண்டில் முடித்த அலியின் காலும் கையும், டக்ளஸைவிடப் பல மடங்கு வேகம்.

ஆக, முதல் நான்கைந்து ரவுண்டுகள் டைசனுக்கு வாய்ப்பு. சண்டை நீள நீள, அதுவும் 15 ரவுண்டு என்றால், அலி பக்கம் சாயும். இருவரும் ஒரே டி.வி நிகழ்ச்சியில் அமர்ந்தபோது அலி டைசனின் பலத்தைப் புகழ, அலியே உயர்ந்தவர் என்று டைசன் பணிந்தது தனிக்கதை.

காலங்கள் நிஜமாகவே மோதியபோது...

வெவ்வேறு காலத்து ஜாம்பவான்கள் நிஜத்திலும் மோதியிருக்கிறார்கள். 1951-ல் 37 வயது ஜோ லூயியை 28 வயது மார்சியானோ ரிங்குக்கு வெளியே விழ அடித்தார். லூயி, மார்சியானோ நேசித்த ஹீரோ. ஜெயித்தவர் அழுதார்.

1980-ல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினாரே அலி, அப்போது அவருக்கு வயது 38. அதே ஆண்டு அக்டோபரில், ஒரு காலத்தில் தன்னோடு பயிற்சி ஆடிய லாரி ஹோம்ஸிடம் பத்து ரவுண்டு அடி வாங்கினார். பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி சண்டையை நிறுத்தினார். அப்போது 14 வயதுச் சிறுவனாக இருந்த டைசன், ஒருநாள் ஹோம்ஸைப் பழிதீர்ப்பேன் என்று அலியிடம் போனில் சொன்னதாகப் பின்னாளில் கூறினார். 1988-ல் அது நடந்தது. அலி பார்த்திருக்க, நான்காவது ரவுண்டில் ஹோம்ஸ் வீழ்ந்தார். அப்போது ஹோம்ஸுக்கும் வயது 38!

45 வயதில் 26 வயது மைக்கேல் மூரரை நாக் அவுட் செய்து 1994-ல் மீண்டும் சாம்பியன் ஆன ஃபோர்மேன் ஓர் அபூர்வ விதிவிலக்கு. மற்றபடி இரண்டு காலங்கள் மோதும்போது ஒரு காலம் ஏற்கெனவே முடிந்திருக்கும். ரசிகர்கள் மனதில் கற்பனைச் சண்டைகள் நடப்பதே அதனால்தான். அங்கே யாருக்கும் வயதாவதில்லை.

நடக்காமல் போன பெரிய சண்டை

1967 மார்ச் 22-க்குப் பிறகு அலி அடுத்த போட்டியில் ஆடியது 1970 அக்டோபர் 26-ல். 25 வயதில் நிறுத்தப்பட்டவர், 28 வயதில் திரும்பினார். 1971-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனையை ஒருமனதாக ரத்து செய்தது. பறிபோன மூன்றரை ஆண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை.

திரும்பி வந்த அலியின் கால்களில் பழைய ஓட்டம் இல்லை. முன்பு அடிபடாமல் நழுவி ஜெயித்தவர், பிறகு அடியைத் தாங்கி ஜெயிக்கக் கற்றுக்கொண்டார். கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து அடி வாங்கியதும், 1975-ல் மணிலாவில் ஃப்ரேஸியரோடு 14 ரவுண்டு தாங்கியதும் ரசிகர்களுக்குக் காவியம். 1984-ல் அலிக்குப் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. 2016 ஜூன் 3-ல் மறையும்வரை அந்த நடுக்கத்தோடுதான் வாழ்ந்தார்.

எனவே, அடுத்தமுறை யாராவது 'அலியா, டைசனா?' என்று ஆரம்பித்தால் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேளுங்கள். எந்த வருடத்து அலி, எந்த வருடத்து டைசன்? எத்தனை ரவுண்டு? யார் காலத்து விதி? பாதி சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

மீதி பாதிக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. 26, 27 வயதுகளில், உச்சத்தில் இருந்த அலி ரிங்கில் எப்படி இருந்திருப்பார்? மயாமி ஸ்டுடியோவில் விக் வைத்த நண்பரோடு பொய்யாகக் குத்திக்கொண்டிருந்த அந்த அலியின் நிஜ ஆட்டத்தைத்தான் உலகம் கடைசிவரை பார்க்கவே இல்லை.