மீட்டர் பொய் சொல்லும், சேஸிஸ் சொல்லாது

திருவனந்தபுரம் மாவட்டத்தின் திருப்புறத்திலிருந்து தமிழக எல்லையான களியக்காவிளை அரை மணிப் பயணம்கூட இல்லை. வாழைக்குலையோ மீனோ ஏற்ற பழைய டீசல் பிக்கப் தேடுபவருக்கு இரு மாநில வண்டிகளும் கிடைக்கும். சிக்கலும் இரட்டிப்பு.

இரண்டு லட்சம் கி.மீ. ஓடிய வண்டியும், வேளாவேளைக்கு ஆயில் மாற்றியிருந்தால், நன்றாக உழைக்கும். மீட்டரையோ திருப்பி வைத்துவிடலாம். எனவே ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.

அதைவிட ஆபத்து துரு. பொழியூர், பூவாறு கடற்கரையில் மீன் ஏற்றிய வண்டியில் உப்புநீர் ஒழுகி சேஸிஸை அரித்திருக்கக்கூடும். மேலே புதுப் பெயிண்ட் பளபளக்கும். கீழே படுத்துப் பார்த்தால்தான் தெரியும். இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்யலாம். அரித்துப்போன சேஸிஸை நம்பி பாரம் ஏற்ற முடியாது.

அடுத்தது காகிதங்கள். தமிழகப் பதிவு என்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி, 12 மாதங்களுக்கு மேல் கேரளத்தில் வைத்திருந்தால் மறுபதிவும் கட்டாயம். எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. ஆர்.சி.யில் பைனான்ஸ் கடன் இருந்தால், அது நீங்கும்வரை அட்வான்ஸ்கூட வேண்டாம்.

இந்த மூன்றிலும் தேறிய வண்டியா? அப்படியானால் அதிக கி.மீ. என்பது குறையல்ல, விலையைக் குறைக்க உங்கள் கையிலுள்ள துருப்புச்சீட்டு.