மேசைமேல் ஓர் ‘ஆம்ப்’

மின்கித்தாரை எதிலும் இணைக்காமல் மீட்டிப் பாருங்கள். கொசு ரீங்காரம்போலத்தான் கேட்கும். கம்பிகளுக்குக் கீழே உள்ள ‘பிக்கப்’பில் காந்தமும், அதைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்று மெல்லிய செப்புக் கம்பியும் இருக்கின்றன. எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. கிடைக்கும் மின்னழுத்தம் பெரும்பாலும் ஒரு வோல்ட்டைக்கூட எட்டாது.

அதைப் பெருக்குவது ஆம்ப்பின் வேலை. வேடிக்கை என்னவென்றால், ராக் இசையில் நாம் விரும்பும் கரகரப்பு, ஆம்ப் அந்த வேலையைச் செய்ய முடியாமல் திணறும்போதுதான் வருகிறது. வெற்றிடக் குழாய் ஆம்ப்பில் ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போனால், ஓர் எல்லைக்குமேல் அலை உயராது. அதன் உச்சி மழுங்கித் தட்டையாகும். அப்போது 110 ஹெர்ட்ஸ் ஸ்வரத்துடன் 220, 330, 440 என்று அதன் மடங்குகளும் வலுவாக ஒலிக்கும். ஆனால் அந்த நிலைக்கு ஆம்ப்பை அலறவிட வேண்டும். வீவக வீட்டில் இரவில் அப்படிச் செய்தால், கதவைத் தட்டுபவர் உங்கள் ரசிகராக இருக்க வாய்ப்பில்லை.

இதற்குத்தான் ‘ஆம்ப் மாடலர்’. 1998ல் லைன் 6 நிறுவனம் வெளியிட்ட ‘பாட்’ என்ற சிவப்புக் கருவி இதைப் பிரபலமாக்கியது. மேசையில் ஓர் ஓரம் போதும். கேட்க ஹெட்ஃபோன், பதிவு செய்ய யூஎஸ்பி கம்பி.

உள்ளே நடப்பது முழுக்கக் கணக்கு. கித்தார் சமிக்ஞையை விநாடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக்கி, ஒவ்வொன்றையும் ஒரு சூத்திரத்தில் இடுகிறது. சிறிய எண்கள் அப்படியே பெருகி வெளிவரும். பெரியவை எல்லையை நெருங்க நெருங்க அமுக்கப்படும். வரைபடமாக்கினால், நடுவில் நேராக ஏறி, இரு முனைகளிலும் படுத்துவிடும் வளைகோடு. குழாயின் திணறல் இப்போது எண்களில்!

அடுத்தது ஸ்பீக்கர் பெட்டி. என்னைக் கேட்டால் ஒலியின் பாதிக் குணம் இதில்தான். கித்தார் ஆம்ப்பின் 12 அங்குல ஸ்பீக்கர், ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை வெகுவாகக் குறைத்துவிடும். மாடலரில் அந்தப் பகுதியை மட்டும் அணைத்துக் கேளுங்கள்: தகர டப்பாவுக்குள் தேனீ மாட்டிக்கொண்டதுபோல் இருக்கும்.

கணக்குப் போட நேரம் வேண்டுமே? கணினி 128 எண்களை ஒரு தொகுதியாக எடுத்தால், 128 ÷ 48,000 விநாடி, அதாவது 2.7 மில்லிவிநாடி தாமதம். அந்த நேரத்தில் ஒலி காற்றில் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் போகும்; ஆம்ப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதுபோலத்தான். தொகுதியை 1,024 ஆக்கினால் தாமதம் 21 மில்லிவிநாடி, தூரம் 7 மீட்டர். விரல் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம் என்றாகிவிடும். வாசிக்கும்போது சிறிய தொகுதியை வையுங்கள்; கணினி திணறி ‘டிக் டிக்’ என்றால் மட்டும் சற்றே கூட்டுங்கள்.

பதிவு செய்யும்போது, கருவி இடம் கொடுத்தால், மாடலருக்குள் போகும் முன் உள்ள வெறும் கித்தார் ஒலியையும் தனித் தடத்தில் சேமியுங்கள். கரகரப்பு அதிகம் என்று மறுநாள் தோன்றினால், மீண்டும் வாசிக்க வேண்டாம். அதே தடத்தை வேறோர் ஆம்ப் கணக்கில் ஓடவிட்டால் போதும்.