வாஷியில் வீடு விற்போர் கவனத்திற்கு

தாராவியிலும் மாதுங்காவிலும் ஒற்றை அறையில் குடும்பம் நடத்தி, செம்பூரில் வாடகை வீட்டிலிருந்து பிள்ளைகளைப் படிக்கவைத்து, சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக் கொண்டு கடற்கழிக்கு அப்பால் வாஷியில் சொந்த வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் பல. 1973-இல் கழியின்மீது சாலைப் பாலம் அமைந்தது. 1992-இல் மான்குர்டிலிருந்து வாஷிக்கு மின்சார ரயில் ஓடலாயிற்று. (ரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றும் நாம் பின்னதைச் சற்றுப் பெருமையோடு குறிப்பிடுவதை வாசகர்கள் பொறுத்தருள்வார்களாக.) அவ்வாறு குடியேறியவர்கள் இன்று ஓய்வு பெற்றுவிட்டனர்; சிலர் மறைந்தும்விட்டனர். வீட்டை விற்றுவிட்டு நெல்லைக்கோ தஞ்சைக்கோ திரும்பிவிடலாம் என்னும் பேச்சு இல்லந்தோறும் எழுகின்றது. வீடு வாங்கும் முறையை நம்மவர் அனுபவத்தால் அறிவர். விற்கும்போதுதான் இடறுகின்றனர். காரணம், நம் ஊரில் நிலம் விற்கும் முறையையே மனத்திற்கொண்டு இங்கும் இறங்குவதாகும்.

ஊரில் பட்டாவும் தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் கையிலிருந்தால் விற்பவரும் வாங்குபவரும் தமக்குள் பேசி முடித்துப் பதிவாளர் அலுவலகத்திற்குப் போய்விடலாம். வாஷியின் நிலை வேறு. 1970-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமைக்கப்பெற்ற சிட்கோ நிறுவனம், அரசு கையகப்படுத்திய கிராமங்களின் நிலத்தைப் பெற்று இந்நகரை நிறுவியது. நிலத்தை அது எவருக்கும் அறுதியாக விற்கவில்லை. அறுபது ஆண்டுக் குத்தகைக்கே கொடுத்தது. ஆகவே ‘என் வீடு’ என்று நாம் சொல்லும்போது, அவ்வீடு நிற்கும் மண்ணுக்கு மேலே ஒரு நிலவுடைமையாளர் இருக்கிறார் என்பதை மறத்தலாகாது. வீடு கைமாறும்போது அவருடைய இசைவும், வீட்டின் பரப்பைப் பொறுத்த மாற்றுக் கட்டணமும் வேண்டப்படுகின்றன. குத்தகை நிபந்தனைகளை அரசு காலத்திற்குக் காலம் தளர்த்தி வருவதால், தரகர் சொல்லை நம்பாமல், விற்க எண்ணும் அந்நாளில் நடப்பிலுள்ள விதியைச் சிட்கோ அலுவலகத்திலேயே கேட்டறிய வேண்டும். முன்னைய விற்பனை எதுவும் சிட்கோ ஏட்டில் ஏறாமல் விடுபட்டிருந்தால், அக்குறை இப்போதுதான் வெளிப்படும். மூன்று கைமாறிய வீட்டில் நடுவிலிருந்தவர் கட்டணம் கட்டாது போயிருந்தால், அந்தச் சுமை இன்று விற்பவர் தலையில் வந்து விழுவதுண்டு.

அடுத்தது சொசைட்டி. கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில் நாம் உறுப்பினர் என்பதற்கு அடையாளம் பங்குச் சான்று. சரக்கு அனுப்பியவர்க்கு ரயில்வே ரசீது எப்படியோ, வீடுடையார்க்கு இது அப்படி. அது தொலைந்திருந்தால் முதலில் நகலுக்கு விண்ணப்பிக்கவேண்டும்; ஆள் பார்த்து விலை பேசுவது பிறகுதான். மகாராஷ்டிர மாதிரி உபவிதிகளின்படி, மாற்றம் செய்யப்போவதாகப் பதினைந்து நாள் முன்னறிவிப்புக் கொடுத்தல் முறை. சிலவிடங்களில் செயலாளர்கள் ‘நன்கொடை’ என்னும் பெயரால் பெருந்தொகை கேட்பதாக நண்பர்கள் முறையிடுகின்றனர். மாற்றக் கட்டணமாகச் சங்கம் வாங்கக்கூடிய பிரீமியம் மாநகராட்சிப் பகுதிகளில் 25,000 ரூபாய்க்கு மேற்படலாகாது என 2001-ஆம் ஆண்டிலேயே அரசாணை பிறந்துவிட்டது. அதற்குமேல் கேட்பவரிடம் ‘எழுத்தில் கேளுங்கள், ரசீது தாருங்கள்’ என்று சொல்லிப் பார்த்தால் போதும். பெரும்பாலும் குரல் தணிந்துவிடும். சிட்கோவே கட்டிக்கொடுத்த பழைய கட்டடங்கள் சிலவற்றில் சொசைட்டி இராது. 1970-ஆம் ஆண்டு அடுக்குமாடி உடைமைச் சட்டத்தின்கீழ் உரிமையாளர் சங்கமே இருக்கும். அங்கே பங்குச் சான்றைத் தேடுவது வீண். வீட்டுக்குரிய பதிவுப் பத்திரமே ஆதாரம்.

இனி, நம் குடும்பங்களை மிகுதியும் வருத்துகின்ற செய்திக்கு வருவோம். தந்தையார் பெயரில் வீடு. உடனிருந்த மகனை நாமினியாகக் குறித்துவைத்துக் காலமானார். தாயார் இருக்கிறார், ஊரில் வாழ்க்கைப்பட்ட பெண்மக்கள் இருவர் இருக்கின்றனர். மகன் எண்ணுவதென்ன? ‘நாமினி நான், வீடு என்னுடையது, விற்கிறேன்.’ இது சட்டமன்று. நாமினி என்பவர் சங்கத்தின்முன் நிற்கும் பொறுப்பாளர் மட்டுமே. 2019-ஆம் ஆண்டு கூட்டுறவுச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு, வாரிசுரிமை முடிவாகும்வரை நாமினியைத் தற்காலிக உறுப்பினராகவே கொள்ளலாம் என்கிறது. உயில் இல்லாதபோது, இந்துக் குடும்பமாயின், தந்தையார் தாம் ஈட்டிய வீட்டில் 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவியும் மக்கள் மூவரும் ஆளுக்குக் கால் பங்கு உடையவர்கள். கிறித்தவ அன்பர்களுக்கு 1925-ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சியது ஆண் பெண் வேறுபாடின்றி மக்களுக்குச் சமமாகும். இஸ்லாமிய அன்பர்களுக்கு அவர்தம் சமயச் சட்டத்தின் பங்கீடு. எந்தச் சட்டத்திலும் ‘கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு ஒன்றுமில்லை’ என்று எழுதியிருக்கவில்லை.

பெண்மக்கள் விரும்பினால் தம் பங்கை உடன்பிறந்தானுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்கலாம். அல்லது அனைவரும் சேர்ந்து விற்பவர்களாகக் கையொப்பமிட்டுப் பணத்தைப் பிரித்துக்கொள்ளலாம். எம் கருத்தில் பின்னதே நேர்மையான வழி. தங்கைக்குத் தொலைபேசியில் ‘ஒரு கையெழுத்துத்தானே, போட்டுவிடு’ என்று சொல்லி, அது என்ன பத்திரம் என்றும் விளக்காமல் வாங்கும் வழக்கம் நம்மிடையே இருக்கின்றது. சீர்வரிசை செய்தாயிற்றே என்பார்கள். வாஷி வீட்டின் இன்றைய விலையில் கால் பங்கோடு அந்தச் சீரை ஒருமுறை எழுதிக் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

வாரிசு யார் என்பதை மெய்ப்பிக்கும் சான்றிலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் தாசில்தார் வாரிசுச் சான்றிதழ் தருகிறார். அதைக் கொண்டுவந்து நீட்டினால் இங்கே பல அலுவலகங்கள் ஏற்பதில்லை. 1827-ஆம் ஆண்டின் பம்பாய் ஒழுங்குவிதி எட்டின்கீழ் உரிமையியல் நீதிமன்றத்தில் பெறும் வாரிசுச் சான்றையே கேட்கின்றன. ஏறத்தாழ இருநூறாண்டுப் பழைமையுடைய அவ்விதி இன்னும் உயிரோடிருக்கிறது! விண்ணப்பம், அறிவிப்பு, மறுப்புக்குரிய காலம் என மாதங்கள் கழியும். இது முடியுமுன் வாங்குபவரிடம் டோக்கன் பணம் பெற்றுக்கொண்டு கெடுநாள் குறிப்பது வம்பை விலைக்கு வாங்குவதாம். நாள் தவறினால், இரட்டிப்பாகத் திருப்பிக்கொடு என்று வாதாடுவோர் உண்டு.

ஊரிலிருக்கும் முதிய தாயார் வாஷிக்கு வர இயலாவிடில் முகவர் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். பதிவுக்குப் பயன்பட வேண்டுமானால், அவர் வாழும் பகுதியின் சார்பதிவாளர் முன்பாகவே அது எழுதிச் சான்றிடப்பட வேண்டும். மகள் சிங்கப்பூரிலிருந்தால் இந்தியத் தூதரகத்திலோ அங்குள்ள நோட்டரியிடமோ கையொப்பமிட்டு அனுப்பலாம்; பத்திரம் இந்தியா வந்தடைந்த மூன்று மாதத்திற்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். முகவர் பத்திரத்தையே விற்பனையாகக் கருதுவது கூடாது. அதனால் உரிமை மாறுவதில்லை என 2011-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது.

ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு சொல். ஊரில் முத்திரைத் தீர்வையின் பெருஞ்சுமை கிரயப் பத்திரத்தின்மேல் விழும். இங்கு விற்பனை ஒப்பந்தத்தின்மீதே முழுத் தீர்வையும் கட்டிப் பதிவு செய்கின்றனர். தீர்வையை வழக்கமாக வாங்குபவரே ஏற்பார். கையொப்பமிட்ட நான்கு மாதத்திற்குள் பதிவுக்குக் கொடுத்தாகவேண்டும். பதிவானதன் குறிப்பை இங்கு ‘இண்டெக்ஸ் டூ’ என்பர். வாங்குபவரின் வக்கீல் முப்பதாண்டுப் பதிவுகளைத் தேடிப் பார்ப்பதும் இதைக் கொண்டே. வங்கிக் கடன் நிலுவையிருப்பின், மூலப் பத்திரங்கள் வங்கியிலிருப்பதை ஒப்பந்தத்தில் மறையாமல் எழுதுக. உரிமையிலுள்ள குறையை மறைப்பது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டப்படியே குற்றங்கண்ட செயல்.

பணத்தை ரொக்கமாக வாங்க வேண்டா. வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை 2015-ஆம் ஆண்டு முதல் வருமானவரிச் சட்டம் தடுக்கிறது. விலை ஐம்பது இலட்சமோ அதற்கு மேலோ ஆனால் வாங்குபவர் நூற்றுக்கு ஒரு ரூபாய் பிடித்து அரசுக்குக் கட்டுவார். அதைக் கண்டு சண்டையிட வேண்டுவதில்லை, நம் வரிக் கணக்கில் வரவாகும். விற்பவருள் ஒருவர் வெளிநாட்டில் வாழ்பவராயின், அவர் பங்கில் பிடித்தம் மிகுதி. அதை முன்னரே பேசிக்கொள்க. ஈராண்டுக்கு மேல் உடைமையாயிருந்த வீட்டின் ஆதாயத்திற்கு வரி நூற்றுக்குப் பன்னிரண்டரை. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியதாயின், இந்நாட்டில் வாழ்வோர் விலைவாசிக் குறியீட்டுச் சலுகையுடன் இருபது என்னும் பழைய முறையையும் ஒப்பிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். அந்த ஆதாயத்தைக் கொண்டு ஈராண்டுக்குள் ஊரில் வீடு வாங்கினாலோ, மூவாண்டுக்குள் கட்டினாலோ வரிவிலக்கு உண்டு. திருநெல்வேலியில் வாங்கினாலும் செல்லும். சிங்கப்பூரில் வாங்கினால் செல்லாது.

முழுப்பணமும் வங்கியில் ஏறிய பிறகே சாவி. நவி மும்பை மாநகராட்சியின் சொத்துவரி, சொசைட்டிப் பராமரிப்புத் தொகை, மகாவிதரண் மின்கட்டணம் ஆகியவற்றை ஒப்படைக்கும் நாள்வரை தீர்த்து, மீட்டர் எண்ணிக்கையையும் குறித்து, இருவரும் கையொப்பமிட்ட ஒப்படைப்புக் கடிதத்தில் ஒரு படி வைத்துக்கொள்க. மூலப் பத்திரங்களைக் கொடுக்குமுன் ஒவ்வொரு தாளையும் நகலெடுத்துக்கொள்க. அன்று என்ன விலைக்கு வாங்கினோம் என்று வரி அலுவலர் கேட்குங்கால் காட்டுவதற்கு அதுவே சான்று.